டிஸ்க்குக்கு 'அல்வா' என்று பெயர் வைக்கலாம், 'நெல்லை' என்று வைக்க முடியாது... தெரியுமா?

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி லேப், கங்கைகொண்டானில் ஓர் ஐ.டி. கம்பெனி சர்வர், அம்பாசமுத்திரம் பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டுக்காரர் நோண்டிக்கொண்டிருக்கும் ஆண்ட்ராய்டு போன். மூன்றிலும் லினக்ஸ் கெர்னல் ஓடினால், மூன்றுக்குள்ளும் ஒரே மாதிரி ஒரு பட்டியல் இருக்கும். எந்தச் சேமிப்பகம் எந்த ஃபோல்டரில் மாட்டியிருக்கிறது என்று சொல்லும் அந்தப் பட்டியலுக்கு மவுண்ட் டேபிள் என்று பெயர். அதைப் படிக்க சி மொழி நூலகத்தில் ஒரு கைப்பிடி ஃபங்ஷன்கள் இருக்கின்றன. கேட்க வறட்சியாகத் தெரியும். உள்ளே போனால் ஆச்சரியத்துக்கு மேல் ஆச்சரியம்!

1. மூன்றெழுத்து 'நெல்லை' 18 பைட், மூன்றெழுத்து 'அல்வா' 15 பைட்!

லினக்ஸின் எக்ஸ்ட்4 வகை டிஸ்க்குக்குப் பெயர் வைக்க 16 பைட் இடம்தான் உண்டு. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். 'நெல்லை'யைப் பிரித்துப் பாருங்கள்: ந, கொம்பு, ல, புள்ளி, ல, இணைக்கொம்பு. ஆறு குறியீடு, 18 பைட், இடம் போதாது! 'அல்வா'வோ அ, ல, புள்ளி, வ, கால் என்று ஐந்தே குறியீடு. 15 பைட், ஒரு பைட் மிச்சம்!

மீறி 'நெல்லை' என்று வைத்தால் என்ன ஆகும்? பெயர் வைக்கும் கருவி ஓர் எச்சரிக்கையை அச்சடித்துவிட்டு 16-ஆவது பைட்டோடு வெட்டிவிடும். இணைக்கொம்பின் மூன்று பைட்டில் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். 'நெல்ல'வுக்குப் பின்னால் ஒரு உடைந்த குறி!

எக்ஸ்எஃப்எஸ் வகையில் இடம் இன்னும் குறைவு, 12 பைட். 'பரணி' அதில் அச்சாகப் பொருந்தும். ஒரு பைட்கூட மீதியில்லை. பென்டிரைவில் வரும் எக்ஸ்ஃபேட்டின் கணக்கு வேறு, 11 குறியீடுகள். 'தாமிரபரணி' 9, தாராளமாக உட்காரும். 'திருநெல்வேலி' 12. ஒன்றே ஒன்று கூடுதல், அனுமதி இல்லை! ஊர்ப்பெயரை முழுதாக வைத்தே தீருவேன் என்றால் என்டிஎஃப்எஸ்ஸுக்குப் போங்கள். அங்கே 32 வரை இடமுண்டு.

2. வைத்த பெயரே ஃபோல்டர் ஆகிவிடும், தெரியுமா?

விண்டோஸில் பென்டிரைவ் செருகினால் ஈ, எஃப் என்று ஓர் எழுத்து கிடைக்கும். லினக்ஸில் டிரைவ் எழுத்தே கிடையாது! எல்லாமே ஒரே வேரிலிருந்து கிளைக்கும் ஃபோல்டர்கள்தான். 'தாமிரபரணி' என்ற பென்டிரைவைச் செருகினால், 'மீடியா' ஃபோல்டருக்குள் உங்கள் பயனர் பெயருக்குக் கீழே 'தாமிரபரணி' என்றே ஒரு ஃபோல்டர் முளைக்கும். இப்படி மாட்டுவதற்குத்தான் மவுண்ட் என்று பெயர். நேற்று வந்த ஏற்பாடு இல்லை இது. 1971 நவம்பரில் வெளிவந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே மவுண்ட் இருக்கிறது!

3. டிஸ்க் ஒன்றுக்கு ஒரு வரி, வரிக்கு ஆறே விவரம்!

மாட்டியதும் மவுண்ட் டேபிளில் ஒரு வரி கூடும். அதில் ஆறு விவரங்கள்: எந்தக் கருவி, எந்த ஃபோல்டர், எந்த வகை, என்னென்ன விதிகள், பிறகு இரண்டு எண்கள். முதல் எண் 'டம்ப்' என்ற பழைய பேக்கப் கருவிக்கு. இரண்டாவது எண், கம்ப்யூட்டர் கிளம்பும்போது டிஸ்க்கை எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்பதற்கு. மூல டிஸ்க்குக்கு 1, மற்றவற்றுக்கு 2, சோதனையே வேண்டாம் என்றால் 0.

நிரந்தரமாக மாட்ட வேண்டியவற்றை நாமே எழுதிவைக்கும் கோப்பு 'எஃப்எஸ்டேப்'. அதிலும் இதே ஆறு விவரம்தான். இங்கே ஒரு வார்த்தை விட்டுப்போனால் ஆபத்து! அங்கே எழுதிய வெளி ஹார்டு டிஸ்க்கை வீட்டில் மறந்துவிட்டு மெஷினை ஆன் செய்தால், சிஸ்டம்டி என்ற தொடக்க மேலாளர் ஓடும் லினக்ஸ் வழக்கமாக 90 வினாடி காத்துப் பார்த்துவிட்டு அவசரநிலைத் திரையில் போய் நின்றுவிடும். விதிகளுக்குள் 'நோஃபெயில்' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் டிஸ்க் இல்லாமலேயே கிளம்பிவிடும்.

4. ஐந்து ஃபங்ஷன்கள்... ஆனால் ஒன்றுகூட டிஸ்க்கை மாட்டாது!

'செட்-மவுண்ட்-என்ட்' பட்டியலைத் திறக்கும். 'கெட்-மவுண்ட்-என்ட்' ஒவ்வொரு வரியாக எடுத்து ஆறு விவரங்களையும் பிரித்துக் கையில் கொடுக்கும். 'ஹாஸ்-மவுண்ட்-ஆப்ட்' குறிப்பிட்ட ஒரு விதி அந்த வரியில் இருக்கிறதா என்று பார்க்கும். 'எண்ட்-மவுண்ட்-என்ட்' மூடிவிடும். ஐந்தாவது 'ஆட்-மவுண்ட்-என்ட்' புதிதாக ஒரு வரி சேர்க்கும். சேர்த்தால் டிஸ்க் மாட்டிக்கொள்ளுமா? கொள்ளாது! கோப்பில் எழுத்து மட்டும்தான் கூடும். உண்மையில் மாட்டுவது கெர்னலின் வேலை.

விடைகளைப் பாருங்கள், தலை சுற்றும்! 'ஆட்' வெற்றி பெற்றால் 0, தோற்றால் 1. 'எண்ட்' எப்போதுமே 1-தான் சொல்லும். வெற்றியா தோல்வியா என்று அதனிடம் கேட்டே பயனில்லை.

இன்னொரு பொறி. எஃப்எஸ்டேப்பில் நீங்கள் ஆசையாக எழுதிவைத்த குறிப்பு வரிகளை 'கெட்' கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். 'கெட்'டில் படித்து 'ஆட்'டில் எழுதிப் புதுக் கோப்பு தயாரித்தால் குறிப்புகள் அத்தனையும் காணாமல் போயிருக்கும்!

5. இரண்டு வரி கேட்டால் இரண்டும் ஒரே வரியாக வரும்!

புதிதாக சி படிப்பவர்கள் கட்டாயம் விழும் குழி இது. 'கெட்' தரும் விடை ஒவ்வொரு முறையும் நினைவகத்தின் ஒரே இடத்தில்தான் எழுதப்படும். முதல் வரியின் முகவரியை ஒரு மாறியில் பிடித்துவைத்துக்கொண்டு அடுத்த வரியைக் கேட்டால், பழையதன் மேலேயே புதியது ஏறிவிடும். இரண்டு மாறிகளிலும் இரண்டாவது டிஸ்க்! ஒரே நேரத்தில் பல த்ரெட்கள் ஓடும் புரோகிராமில் கேட்கவே வேண்டாம். அதற்காகத்தான் பெயரின் கடைசியில் 'ஆர்' சேர்ந்த இன்னொரு வடிவம் இருக்கிறது. அதற்கு எழுதும் இடத்தை நாமே கொடுக்க வேண்டும், நம் இடத்தை வேறு யாரும் அழிக்க மாட்டார்கள்.

6. பூஜ்ய பைட் கோப்பிலிருந்து பக்கம் பக்கமாக எழுத்து!

மாட்டியிருப்பவற்றின் நேரடிப் பட்டியல் 'ப்ராக்' ஃபோல்டரில் 'மவுண்ட்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது. அதன் அளவு என்ன என்று கேட்டால் கம்ப்யூட்டர் 0 என்று கூசாமல் சொல்லும். திறந்தால் வரி வரியாகக் கொட்டும்! அப்படி ஒரு கோப்பு டிஸ்க்கில் கிடையவே கிடையாது. நீங்கள் படிக்கும் கணத்தில் கெர்னல் அதைத் தயாரித்துக் கொடுக்கிறது.

இன்னும் வியப்பு: இந்த இல்லாத கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு 'மாற்றம் வந்தால் தட்டி எழுப்பு' என்று சொல்லிவிட்டு ஒரு புரோகிராம் தூங்கலாம். 2006 ஜனவரியில் வந்த 2.6.15 கெர்னலிலிருந்து இந்த வசதி உண்டு. யாராவது பென்டிரைவை மாட்டினால் உடனே தகவல் போய்விடும்.

7. ஒரே மெஷின், ஒரே நொடி, இரண்டு பட்டியல்!

ஒரு காலத்தில் 'எம்டேப்' என்ற சாதாரணக் கோப்பில்தான் மவுண்ட் கட்டளை கணக்கு எழுதிவந்தது. திடீரென்று கரண்ட் போனால் கோப்பில் இருக்கும் டிஸ்க் நிஜத்தில் இருக்காது. இன்று பெரும்பாலான லினக்ஸில் எம்டேப் என்பது கெர்னலின் பட்டியலைச் சுட்டும் வெறும் இணைப்பு. கணக்கும் நிஜமும் பிசகவே பிசகாது.

அந்த இணைப்பு எங்கே போகிறது தெரியுமா? 'செல்ஃப்' என்ற ஃபோல்டருக்கு. அதாவது, படிக்கும் புரோகிராம் எதுவோ அதன் சொந்தப் பட்டியலுக்கு! கெர்னல் 2.4.19 முதல் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி மவுண்ட் உலகம் கொடுக்க முடியும். டாக்கர் போன்ற கன்டெய்னர்கள் நிற்பது இதன் மேல்தான். ஆண்ட்ராய்டும் ஆப்களின் சேமிப்பக அனுமதியைப் பிரித்துவைக்க இதையே கையாள்கிறது. போனில் ஓர் ஆப் பார்க்கும் பட்டியலை இன்னோர் ஆப் பார்க்க வேண்டும் என்ற அவசியமே இல்லை!

8. மவுண்ட் தந்த மனிதரே தமிழுக்கும் வழி திறந்தார்!

யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவர் கென் தாம்ப்சன். 1992 செப்டம்பரில் நியூஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் அவர் ராப் பைக்குடன் உட்கார்ந்து போட்ட கணக்குதான் யூடிஎஃப்-8. அந்தக் கணக்கின் அழகு மவுண்ட் டேபிளில்தான் பளிச்சென்று தெரியும். பட்டியலில் விவரங்களைப் பிரிப்பது இடைவெளி. சிறப்புக் குறிகளுக்கு முன்னால் வருவது பின்சாய்கோடு. தமிழ்க் குறியீட்டின் மூன்று பைட்டில் ஒன்றுகூட இந்தக் குறிகளின் எண்ணோடு மோதாது! மூன்றுமே 128 அல்லது அதற்கு மேல்தான்.

ஜப்பானியர்களைக் கேளுங்கள். அவர்களுடைய பழைய ஷிஃப்ட்-ஜிஸ் முறையில் சில எழுத்துகளின் இரண்டாவது பைட் அச்சு அசலாகப் பின்சாய்கோட்டின் எண். எத்தனையோ புரோகிராம்கள் அதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. 'தாமிரபரணி'யோ, தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் எழுதப்பட்ட பழைய சி ஃபங்ஷனுக்குள்ளும் ஒரு பைட் சிந்தாமல் போய் வரும்! இன்னொரு பொருத்தம்: லினக்ஸ் பிறந்ததும், தமிழ் இடம்பெற்ற யூனிகோடின் முதல் பதிப்பு வந்ததும் ஒரே ஆண்டு, 1991!

9. 'பத்தமடை பாய்' என்று பெயர் வைத்தால் நடுவில் 040 வரும்!

தமிழ் எழுத்து மோதாது, சரி. சொற்களுக்கு நடுவில் இடைவெளி விட்டால்? 'பத்தமடை பாய்' என்ற என்டிஎஃப்எஸ் பென்டிரைவை மாட்டிவிட்டுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 'பத்தமடை\040பாய்' என்று இருக்கும்! இடைவெளியின் எண் 32. அதை எட்டின் அடிப்படையில் எழுதினால் 040. இடைவெளியை அப்படியே விட்டால் 'பாய்' அடுத்த விவரமாகிவிடும், ஆறு விவரம் ஏழாகி எல்லாமே ஓரிடம் தள்ளிப்போகும். டேப் குறிக்கு 011, வரி முறிவுக்கு 012, பின்சாய்கோட்டுக்கு 134. 'கெட்' படிக்கும்போது இவற்றைப் பழையபடி மாற்றித் தந்துவிடும். பட்டியலைத் தானே வெட்டிப் படிக்கும் அவசரப் புரோகிராமர்களுக்குத்தான் 'பத்தமடை\040பாய்' என்றே திரையில் வந்து நிற்கும்.

10. ஒரு எண்டர் தட்டலில் திறந்துகொண்ட பூட்டு!

2010-இல் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டை இது. சிவிஇ-2010-0296 என்பது அதன் பதிவு எண். ஜிலிப்சி என்ற குனூ சி நூலகத்தில், 2.11.1 வரையிலான பதிப்புகளின் 'ஆட்' இடைவெளியையும் டேப்பையும் ஒழுங்காக மாற்றியது, வரி முறிவைச் சரியாகக் கையாளவில்லை. விளைவு? ஃபோல்டர் பெயருக்குள் ஓர் எண்டரை ஒளித்துவைத்தால், எம்டேப்பில் ஒரு வரி இரண்டாகும். இரண்டாவது வரி முழுக்க அந்த எண்டரை ஒளித்துவைத்த ஆசாமி இட்டுக்கட்டியது! தனக்கு வேண்டிய விதிகளை அதில் எழுதி, இல்லாத அதிகாரத்தை அடையக்கூட வழி இருந்தது. சிஐஎஃப்எஸ், என்சிபி வகை நெட்வொர்க் டிஸ்க்குகளை மாட்டும் கருவிகள் இந்த ஃபங்ஷனை நம்பியிருந்தன. அப்புறம் திருத்தினார்கள்.

11. உங்கள் பென்டிரைவ் வரியில் 1981 ஒளிந்திருக்கிறது!

ஃபேட்32 பென்டிரைவின் விதிகளைப் பொறுமையாகப் படித்தால் பெரும்பாலும் 'கோட்பேஜ் 437' என்று ஒன்று தட்டுப்படும். 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் எழுத்துப் பட்டியல் அது! தச்சநல்லூரில் இன்று செருகிய பென்டிரைவிலும் அது விடாமல் தொடர்கிறது.

அதே வரியில் இன்னொரு கண்ணி. டிஸ்க்கில் பிழை கண்டால் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாறிவிடு என்ற விதி 'எர்ரர்ஸ்=ரீமவுண்ட்-ஆர்ஓ' என்று இருக்கும். 'ஆர்ஓ' என்ற விதி தனியாக இருந்தால், டிஸ்க் இப்போதே எழுத முடியாத நிலையில் இருக்கிறது என்று பொருள். ஜிலிப்சியின் 'ஹாஸ்-மவுண்ட்-ஆப்ட்' புத்திசாலி. முன்னும் பின்னும் காற்புள்ளி இருக்கிறதா, வரியின் ஓரமா என்றெல்லாம் பார்த்துத்தான் தலையசைக்கும். மஸ்ல் என்ற சிறிய சி நூலகத்திலோ பல ஆண்டுகளாக வெறும் எழுத்துத் தேடல்தான்! 'ஆர்ஓ' எங்கே தென்பட்டாலும் 'இருக்கிறது' என்று சொல்லிவந்தது. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் 'எர்ரர்ஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே ஆர், ஓ இரண்டும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன!

12. அரசு லேப்டாப்பில் விண்டோஸ் வேறு பெயரில் தெரிந்தது!

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியபோது மெஷினில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், சென்னை சி-டாக் நிறுவனத்தில் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவானது. 2007-இல் முதல் பதிப்பு. லினக்ஸ் பக்கம் நின்று விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பகுதியை என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற கருவி வழியாகத் திறந்தால், மவுண்ட் டேபிளில் வகை என்ன என்று வரும் தெரியுமா? 'என்டிஎஃப்எஸ்' என்று வராது, 'ஃபியூஸ்பிளாக்' என்று வரும்! கெர்னலுக்கு வெளியே ஓடும் புரோகிராம் ஒன்று அந்த டிஸ்க்கைப் படித்துக் கொடுக்கிறது என்பதற்கான அடையாளம் அது. 2021-இல் 5.15 கெர்னலோடு உள்ளேயே ஒரு புதிய டிரைவர் வந்தது. அதில் மாட்டினால் 'என்டிஎஃப்எஸ்3' என்று காட்டும்.

13. மூழ்கிய ஃபோல்டர், முழுசாக மேலே வரும்!

ஏற்கெனவே கோப்புகள் இருக்கும் ஒரு ஃபோல்டரின் மேல் டிஸ்க்கை மாட்டினால் பழைய கோப்புகள் அழிந்துவிடுமா? பயப்படாதீர்கள்! குறுக்குத்துறை முருகன் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணியில் வெள்ளம் ஏறினால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கீழே கோயில் தண்ணீருக்குள் போகும். வடிந்ததும் கல் கலையாமல் அப்படியே நிற்கும். ஃபோல்டரும் அதேதான். டிஸ்க்கைக் கழற்றியதும் பழைய கோப்புகள் அத்தனையும் திரும்பத் தெரியும்.

இதில் மாட்டிக்கொண்டு விழிக்கும் சர்வர்காரர்கள் ஏராளம். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று மெஷின் கத்தும். ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடினாலும் இடத்தை அடைத்திருக்கும் கோப்பு கிடைக்காது. மேலே மாட்டிய டிஸ்க்குக்கு அடியில் அது கிடக்கும்! ஒரே ஃபோல்டரில் இரண்டு டிஸ்க் மாட்டினாலும் பட்டியலில் இரண்டு வரியும் இருக்கும். கடைசியாக மாட்டியதுதான் கண்ணுக்குத் தெரியும்.

14. போன் கொடுத்த 'சரிசெய்யுங்கள்!' குரல்!

ஆண்ட்ராய்டுக்கென்று பயானிக் என்ற தனி சி நூலகம் உண்டு. அதன் பழைய பதிப்புகளில் 'கெட்-மவுண்ட்-என்ட்' என்ற பெயர் இருந்தது, உள்ளே சரக்கு இல்லை! எந்தப் புரோகிராமாவது கூப்பிட்டால், 'சரிசெய்யுங்கள், இதை எழுதி முடியுங்கள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரியை அச்சடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். போனில் பிஸிபாக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பைப் போட்டு விளையாடியவர்கள் அந்த வரியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனார்கள். 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0-வில்தான் 'செட்'டும் 'எண்ட்'டும் 'ஆர்' சேர்ந்த வடிவமும் வந்து சேர்ந்தன. 'ஹாஸ்-மவுண்ட்-ஆப்ட்' வர 2017 ஆயிற்று, ஆண்ட்ராய்டு 8.0!

15. எந்தத் தரநிலையிலும் இல்லை, ஆனாலும் எங்கும் இருக்கிறது!

யூனிக்ஸ் உலகத்தின் பொது விதிப்புத்தகம் பாசிக்ஸ். அதில் இந்த ஃபங்ஷன்களுக்கு இடமே கிடையாது! சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ்ஸிலிருந்து லினக்ஸ் எடுத்துக்கொண்டவை இவை. சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸிலும் 'கெட்-மவுண்ட்-என்ட்' உண்டு, பெயர் மட்டும்தான் ஒன்று. கூப்பிடும் முறை வேறு, தரும் விடையின் அமைப்பும் வேறு. 4.4பிஎஸ்டி பக்கம் போனால் பெயரே 'கெட்-மவுண்ட்-இன்ஃபோ' என்று மாறிவிடும்.

2024-இல் வந்த லினக்ஸ் 6.8, 'லிஸ்ட்மவுண்ட்', 'ஸ்டாட்மவுண்ட்' என்ற இரண்டு புதிய கெர்னல் அழைப்புகளைக் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கில் மவுண்ட் இருக்கும் சர்வர்களில், ஒரு டிஸ்க்கைப் பற்றித் தெரிந்துகொள்ள முழுப் பட்டியலையும் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டிய வேலை இனி இல்லை.

அதற்காகப் பழைய பட்டியலை யாரும் தூக்கிப் போட்டுவிடவில்லை. மனிதன் கண்ணால் படிக்கக்கூடிய வெறும் எழுத்தாக இருப்பதுதான் அதன் பலம். சி படிக்கும் தம்பி, தங்கைகளே, 'செட்'டில் திறந்து, 'கெட்'டைச் சுழலவிட்டு, 'எண்ட்'டில் மூடிப் பாருங்கள், இருபது வரிகூட வராது. உங்கள் மெஷினில் மாட்டியிருப்பவை அத்தனையும் திரையில் வந்து நிற்கும். உபுண்டு வைத்திருப்பவர்கள் எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம்; ஸ்னாப் முறையில் போட்ட ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஒரு மவுண்ட் வாங்கிக்கொள்ளும்!